வண்டியில் வைத்தே டிஃபரன்ஷியல் ரேஷியோ: பிராக்டிகலுக்குப் போகிறவர்களுக்கு

ஐடிஐ மோட்டார் மெக்கானிக் டிரேடில் கிரவுன் வீல் (பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய கியர்) பற்களைப் பினியன் (அதைச் சுற்றும் சின்ன கியர்) பற்களால் வகுத்து டிஃபரன்ஷியல் ரேஷியோ சொல்லத் தெரியாதவர் யாரும் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் எம்பி ஜீப்பில் 39-க்கு 8, அதாவது 4.875. பின்னால் வந்த சிஜே-3பி ஜீப்பில் 43-க்கு 8, அதாவது 5.375. ரேஷியோ கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். இதுவரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் ஹவுசிங்கைத் திறக்காமல் ரேஷியோவைக் கண்டுபிடி என்றால்தான் கை நிற்கும். நான் அதிக நேரம் செலவிட்டுப் படித்ததும் அந்த இடத்தைத்தான்.

பின்சக்கர டிரைவ் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். ஸ்டாண்டு இல்லாமல் கீழே தலையை நீட்டவே கூடாது. டயரிலும், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்தாவது சுற்று முடியக் கொஞ்சம் இருக்கும்போதே கோடு நின்றால் 4.875-ஆக இருக்கலாம். இருபது சுற்று சுற்றிப் பத்தால் வகுத்தால் சந்தேகம் தீரும்.

ஏன் இரண்டு சுற்று? எக்ஸாமினர் கேட்பது இதைத்தான். கிரவுன் வீலின் சுற்று எப்போதும் இரண்டு சக்கரங்களின் சராசரி. தரையில் இருப்பது 0, தூக்கியது 2, சராசரி 1. நிற்கும் பக்கத்து சன் கியர் (அந்தச் சக்கரத்தின் அச்சோடு இணைந்த கியர்) மேல் ஸ்டார் பினியன்கள் (இரண்டு சன் கியர்களுக்கும் நடுவே இருக்கும் சின்ன கியர்கள்) உருண்டு போவதால் மறுபக்கம் இரட்டிப்பாகச் சுற்றுகிறது. இதைப் படம் போட்டுச் சொன்னால் மார்க் நிச்சயம்.

இரண்டு சக்கரங்களையும் தூக்கிவிட்டு ஒன்றை மட்டும் சுற்றாதீர்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், ஷாஃப்ட் அசையாமல்கூட நிற்கும். இருவர் சேர்ந்து இரண்டையும் ஒரே அளவில் சுற்றினால் ஒரு சுற்றே போதும். அப்படியே சுற்றிக்கொண்டே போனால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று நடக்கும். 39-க்கு 8 வண்டியில், சக்கரம் 8 சுற்றும் ஷாஃப்ட் 39 சுற்றும் முடிக்கும்போதுதான் இரண்டு கோடுகளும் முதல்முறையாகச் சேர்ந்து பழைய இடத்துக்கு வரும். தேய்மானம் எல்லாப் பற்களிலும் பரவ, பெரும்பாலும் பொது வகுஎண் இல்லாத பல் எண்ணிக்கைகளையே வைப்பார்கள். அதனால் மூடிய ஹவுசிங்குக்குள் இருக்கும் பற்களை வெளியிலிருந்தே எண்ணிவிடலாம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கும் கணக்கும் இதே சராசரிதான். இன்ஜின் 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2000 சுற்று), டாப் கியர் 1:1, ரேஷியோ 4 என்றால் கிரவுன் வீல் 500. திருப்பத்தில் உள்சக்கரம் 450 என்றால் வெளிச்சக்கரம் 550. ஒன்று சேற்றில் சிக்கிச் சும்மா சுற்ற, மற்றது நின்றுவிட்டால், சுற்றுவது 1000.

முன்சக்கர டிரைவ் காரில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை. கியரில் போட்டு, தூக்கிய ஒரு முன்சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றி, இன்ஜினின் கிராங்க் புல்லியின் சுற்றை எண்ணி, வருவதை அந்தக் கியரின் ரேஷியோவால் வகுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் சக்கரம் லேசாகச் சுற்றும்.