உக்கார்றதுக்கு ஒரு சட்டம்: நாங்க எடுக்கப்போற குட்டி டாக்குமெண்டரி பத்தி

மூணு மாசமா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கிறத இன்னைக்கு எழுதிடணும்னு உக்காந்துட்டேன். நாங்க நாலு பேரு சேந்து ஒரு டாக்குமெண்டரி எடுக்கப்போறோம். 12 நிமிஷம். விஷயம் ஒரே விஷயம்தான், எங்க திருச்சி ஜவுளிக்கடைகள்ல வேலை பாக்குற பொம்பளைங்க வேலை நேரத்துல உக்கார்றது. அதுல என்ன படம் எடுக்க இருக்குன்னு ரெண்டு மூணு பேரு கேட்டாங்க. அவங்களுக்கும் சேத்துதான் இது.

எங்க சித்தி மலைக்கோட்டையச் சுத்தி இருக்குற கடைவீதில ஒரு ஜவுளிக்கடைல 11 வருஷம் வேலை பாத்துச்சு. லால்குடி பக்கத்துல கிராமம். காலைல எட்டு மணி பஸ்ஸ புடிச்சு வந்தா ராத்திரி ஒம்பதரைக்கு கடை எடுத்து வச்சு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து, பஸ் கெடச்சு, வீடு போய்ச் சேர பத்தே முக்கால் பதினொண்ணு ஆயிடும். வந்ததும் முதல் வேலை ஒரு அன்னக்கூடைல வெந்நி ஊத்தி கல்லுப்பு போட்டு காலை உள்ள வச்சுக்கும். சாப்பாடுகூட அதுக்கப்புறம்தான். நான் லீவுக்குப் போறப்ப எல்லாம் பாப்பேன், முழங்காலுக்குக் கீழ பின்பக்கம் நரம்பு பச்சையா சுருட்டிக்கிட்டு மேல எழும்பி நிக்கும், கணுக்காலைச் சுத்தி தோலு கருத்துப் போயிருக்கும். அப்ப எனக்கு வயசு பன்னெண்டோ என்னவோ, வயசானா அப்படித்தான் வரும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். சித்திக்கு அப்ப 34 வயசு.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா பொறுமையா எங்களுக்குச் சொன்னாங்க. நாம நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிஞ்சு கீழ இருக்குற ரத்தத்த மேல தள்ளுது, ஒரே எடத்துல மணிக்கணக்கா நின்னா அந்தத் தள்ளல் இல்ல, ரத்தம் கால்லயே தேங்குது, நரம்புக்குள்ள, அதாவது ரத்தக் குழாய்க்குள்ள, ரத்தம் திரும்ப கீழ வராம தடுக்குற வால்வு கொஞ்சம் கொஞ்சமா தளந்து போகுது. பரம்பரை, உடம்பு எடை, புள்ளப்பேறுன்னு வேற காரணமும் இருக்கு, ஆனா நிக்கிற வேலை அதக் கூட்டிடும்னாங்க. இந்த டாக்டரம்மா படத்துல 30 செகண்ட் வருவாங்க, சரின்னுட்டாங்க.

இப்ப சட்டத்துக்கு வர்றேன். 2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபைல தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டுவந்தாங்க, 22-ஏன்னு ஒரு புதுப் பிரிவு. மூலச் சட்டம் 1947ல போட்டது. ஃபேக்டரில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார வசதி பண்ணணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே 44வது பிரிவு இருந்துச்சு, அதாவது மில்லுல துணி நெய்யிறவங்களுக்கு எழுதிட்டாங்க, அதே துணிய கடைல விரிச்சுக் காட்டுற பொண்ணுக்கு எழுதறதுக்கு இன்னும் 73 வருஷம் ஆயிருக்கு. இத நான் முதல் தடவ படிச்சப்ப ரெண்டு தேதியையும் திரும்பத் திரும்ப சரி பாத்தேன். நம்பவே முடியல.

சட்டத்த தமிழ்ப்படுத்தி சித்திகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒவ்வொரு கடைலயும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்கணும், வேலைக்கு நடுவுல உக்கார வாய்ப்பு கெடைக்கும்போது அவங்க உக்காந்துக்கலாம், நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கக் கூடாது, இதான் சாரம். சித்தி முழுசா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு, "வாய்ப்பு கெடைக்கும்போதுன்னா, கெடச்சிருச்சுன்னு யாரு சொல்லணும் பாப்பா? நானா, சூப்பர்வைசரா?"

எங்க படமே இந்தக் கேள்விதான்! முதல்ல நாங்க போட்டு வச்சிருந்த திட்டம் வேற. சட்டம் வந்துச்சு, ஸ்டூல் போட்டாங்களா இல்லையான்னு கடை கடையா கேக்கலாம்னு இருந்தோம். அப்படி எடுத்தா என்ன ஆகும், ஓனர் சிரிச்ச மொகமா வந்து ஒரு புது பிளாஸ்டிக் ஸ்டூல காட்டுவாரு, இதோ இருக்குல்லன்னு சொல்லுவாரு, முடிஞ்சிரும். ஸ்டூல் பல எடத்துல இருக்கத்தான் செய்யுது. சித்தி வேலைய விடுறதுக்கு முந்தி அந்தக் கடைலயும் ஒரு செக்‌ஷனுக்கு ஒண்ணுன்னு போட்டாங்களாம், அதுமேல துணிக்கட்ட அடுக்கி வச்சிருந்தாங்களாம். யாராச்சும் அதுல உக்காந்தா மேல சிசிடிவில பாத்துட்டு கீழ இன்டர்காம்ல போன் வரும். கஸ்டமர் இல்லாத மத்தியான நேரத்துலகூட மடிச்ச புடவைய பிரிச்சு மறுபடி மடிக்கச் சொல்லுவாங்க, கை சும்மா இருந்தா உக்காரத் தோணுமாம்.

அதனால ஸ்டூல் கணக்கெடுப்பு வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டு, அந்த வாய்ப்புங்கிற வார்த்தைய புடிச்சுக்கிட்டவங்க பின்னாடி போறதுன்னு முடிவு பண்ணினோம். யாருன்னா, எங்க ஊர்ல ஒரு நாலஞ்சு பொம்பளைங்க இருக்காங்க. ரெண்டு பேரு முன்னாடி கடைல வேலை பாத்தவங்க, ஒருத்தங்க தொழிற்சங்கத்துக்காரங்க, ஒரு வக்கீலம்மா. பேர் எல்லாம் இங்க எழுதல, அவங்களே வேண்டாம்னுட்டாங்க. ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல துறையூர், முசிறி, மண்ணச்சநல்லூர் பஸ் நிக்கிற எடத்துல நின்னு ஒரு துண்டுப் பேப்பர் குடுப்பாங்க. அந்தப் பேப்பர் சைஸ பத்தி சொல்லியே ஆகணும். முதல்ல சாதா நோட்டீஸ் சைஸ்லதான் அடிச்சாங்களாம், யாரும் வாங்கல, வாங்கினவங்களும் உடனே கீழ போட்டுட்டாங்க, ஏன்னா கடைல உள்ள போகும்போது வெளிய வரும்போது பைய தொறந்து செக் பண்ணுவாங்க, அதுல இந்த நோட்டீஸ் இருந்தா வம்பு. அப்புறம் பஸ் டிக்கெட் அகலத்துக்கு வெட்டி, ரெண்டா மடிச்சா போன் கவருக்குள்ள போயிடுற மாதிரி பண்ணிட்டாங்க. ஒரு பக்கம் 22-ஏ என்ன சொல்லுதுன்னு நாலு வரி, மறுபக்கம் தினம் 8 மணி நேரம் வாரம் 48 மணி நேரம், அதுக்கு மேல ஓவர்டைம் கூலி, வாரம் ஒரு நாள் லீவு, அவ்ளோதான். கூட்டம் இல்ல, மைக் இல்ல, கொடி இல்ல. பஸ் கெளம்புறதுக்குள்ள ரெண்டு வார்த்தை பேசி முடிக்கணும். எனக்கு போராட்டம்னா தெருவ அடைச்சு உக்கார்றதுன்னுதான் மனசுல இருந்துச்சு, இவங்கள பாத்தப்புறம் அது மாறிடுச்சு.

கேரளாவுல இதுக்கு முன்னாடியே நடந்திருக்கு. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவுல விஜிங்கிற தையல்காரம்மா பெண்கூட்டுன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அவங்க முதல்ல கேட்டது நாற்காலிகூட இல்ல, கழிவறை. தெரு முழுக்க கடை, பொம்பளைங்க போக ஒரு எடம் இல்ல, அதனால தண்ணியே குடிக்காம நாள ஓட்டி மூத்திரக் கடுப்பு, இன்ஃபெக்‌ஷன்னு அவதிப்பட்டவங்க ஒண்ணு சேந்து, அதுலேர்ந்து உக்கார்ற உரிமைக்கு வந்து, 2018ல கேரளாவுல சட்டத் திருத்தமே வந்துச்சு. நம்மூருக்கு அது வர மூணு வருஷம். பிரிட்டன்ல 1899லயே கடைப் பொண்ணுங்களுக்கு சீட்டு போடணும், மூணு பேருக்கு ஒண்ணாவது இருக்கணும்னு தனிச் சட்டமே போட்டிருக்காங்க. இதெல்லாம் ஸ்கிரிப்ட்ல ரெண்டரை நிமிஷம் எழுதி வச்சிருந்தேன். எடிட்டிங் பண்ணப்போற தோழி படிச்சுட்டு கேரளா மட்டும் 40 செகண்ட் போதும், பிரிட்டன் வேண்டாம்னுட்டா. மனசே இல்லாம வெட்டினேன், அதான் இங்க எழுதிக்கிட்டேன்.

எப்படி எடுக்கிறதுங்கிறதுலதான் ரொம்ப நாள் போச்சு. கடைக்குள்ள கேமரா கொண்டு போக முடியாது, ஒளிச்சு வச்சு எடுக்கலாம்னு கேமரா தம்பி சொன்னான், நான் ஒத்துக்கல. அந்த ஃபுட்டேஜ்ல எந்த செக்‌ஷன்னு தெரிஞ்சா அன்னைக்கு அங்க நின்ன பொண்ணுக்குத்தான் வேலை போகும், நமக்கு ஒண்ணும் ஆகாது. ஆக முகம் காட்டக் கூடாதுன்னு முடிவு. ஆனா முகத்த மட்டும் மறைச்சா போதாதுன்னு டெஸ்ட் ஷூட்லதான் புரிஞ்சுச்சு. பஸ் ஸ்டாண்டுல கால மட்டும் எடுத்தோம், அழகா வந்திருந்துச்சு, செருப்ப கழட்டி வச்சுட்டு ஒரு அக்கா பஸ் படிக்கட்டுக்கிட்ட ஒத்தக்கால்ல நின்னு இன்னொரு பாதத்த கையால அமுக்கி விட்டுக்கிறாங்க. வீட்டுக்கு வந்து சித்திகிட்ட காட்டினா பாத்த ஒடனே கடை பேர சொல்லிடுச்சு. எப்படின்னா புடவை பார்டர். ஒவ்வொரு கடைக்கும் ஒரு யூனிஃபார்ம் புடவை, கலரு, பார்டரு வேற வேற, கடைவீதில இருக்குற எல்லாருக்கும் அத்துப்படி. அந்த ஷாட்ட அன்னைக்கே அழிச்சுட்டோம். தம்பிக்கு ரெண்டு நாள் முகமே சரியில்ல. இப்ப அந்த மாதிரி ஷாட் எல்லாம் வேலைய விட்டு வந்தவங்கள வச்சு, அவங்க சொந்தப் புடவைலதான்.

அடுத்தது குரல். டீவில பண்ற மாதிரி குரல கீச்சுன்னோ கரகரன்னோ மாத்தறது எனக்குப் புடிக்கவே இல்ல, தப்பு பண்ணினவங்க பேசுற மாதிரி கேக்குது, இவங்க என்ன தப்பு பண்ணினாங்க? அதனால அவங்க பேசினத வார்த்தை மாறாம எழுதி, அதே ஊர்ப் பக்கத்துல இருந்து வேற ஒரு பொம்பளைய படிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணப்போறோம், இது வேற ஒருத்தர் குரல்னு படத்துல கார்டும் போட்டுருவோம். ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு தடவ சம்மதம் கேக்குறோம், பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு, எடிட் பண்ணி முடிச்சு அவங்களுக்குப் போட்டுக் காட்டினப்புறம் ஒண்ணு. ரெண்டாவது தடவ வேண்டாம்னு சொன்னா எடுத்துடுவோம், அது எவ்வளவு நல்ல எடமா இருந்தாலும் சரி.

எங்களுக்குள்ள பெரிய சண்டை வந்தது மியூசிக்குக்குத்தான். சோக வயலின் போட்டு சித்தி கால க்ளோசப்ல காட்டினா பாக்குறவங்க அழுதுடுவாங்கன்னு ஒரு யோசனை வந்துச்சு. அழுதுட்டு அடுத்த வாரம் ஆடித் தள்ளுபடிக்குப் போய் அதே கடைல 40 புடவைய பிரிச்சுப் போடச் சொல்லி ஒண்ணும் புடிக்கலன்னு எந்திரிச்சு வருவாங்க, அதுக்கு எதுக்கு அழணும்? இந்தப் படத்த நான் ஓனருக்காக எடுக்கல, அதிகாரிக்காகக்கூட எடுக்கல. வாங்கப் போற நம்ம ஆளுங்களுக்காக எடுக்கிறேன். ஏன்னு சொல்றேன். சித்தி ஒரு தடவ, கர்ப்பமா இருக்கும்போது, ஆள் இல்லாத நேரத்துல துணிக்கட்டு மேல ரெண்டு நிமிஷம் உக்காந்திருக்கு. ஒரு கஸ்டமரம்மா வந்தாங்க, சித்தி கையூணி எந்திரிக்க கொஞ்சம் நேரமாயிடுச்சு. அந்தம்மா பில் போடுற எடத்துல போய், உங்க ஸ்டாஃப் எல்லாம் உக்காந்துக்கிட்டு கஸ்டமர மதிக்கிறதே இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு சம்பளத்துல 50 ரூபா புடிச்சாங்க. அந்தம்மா நம்ம வீட்டுல யாரா வேணா இருந்திருக்கலாம். நானே போன தீபாவளிக்கு ஒரு கடைல, கூப்பிட்டும் வரலையேன்னு கொஞ்சம் எரிஞ்சு பேசினேன், அந்தப் பொண்ணு பில்லர் ஓரமா சாஞ்சு ஒரு காலத் தூக்கி நின்னுக்கிட்டு இருந்துச்சு. இப்ப அது கண்ணுலயே நிக்குது. சிரிச்சுக்கிட்டு ஓடி வந்தா மரியாதை, உக்காந்த எடத்துலேர்ந்து பேசினா திமிருன்னு நாம பழகி வச்சிருக்கோம்ல, அந்தப் பழக்கத்தத்தான் சூப்பர்வைசர் நம்ம பேர சொல்லி அவங்க மேல ஏத்துறாரு.

அதனால மியூசிக் கெடையாது. ஜவுளிக்கடை வாசல்ல வாங்க வாங்கன்னு ஓடுற ஸ்பீக்கர் சத்தம், பஸ் இன்ஜின், புடவைய உதறுற சத்தம், இதுங்க போதும். புடவை உதறுற சத்தம் எவ்வளவு நல்லா இருக்கும்னு ரெக்கார்ட் பண்ணிக் கேட்டப்பதான் தெரிஞ்சுச்சு, பட்டுக்கு ஒரு சத்தம், காட்டனுக்கு வேற.

22-ஏ பிரிவுக்காக நம்ம மாவட்டத்துல எத்தனை கடைல ஆய்வு பண்ணியிருக்காங்கன்னு கேட்டு தகவல் உரிமைச் சட்டத்துல மனு எழுதி, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தபால்ல போன வாரம் அனுப்பியிருக்கோம். 30 நாளுக்குள்ள பதில் வரணும். பதில் எதுவா இருந்தாலும் அப்படியே படத்துல வரும்.

ஷூட்டிங் வர்ற ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிறோம், முதல்ல சித்திதான். சித்தி மட்டும் முகம் காட்டுறேன்னு சொல்லிடுச்சு, வேலைய விட்டு சில வருஷம் ஆச்சு, இனிமே என்ன புடிச்சுக்குவாங்கன்னு. வீட்டுத் திண்ணைல வச்சு எடுக்கிறோம். பழைய சீலிங் ஃபேன் கடகடன்னு சத்தம் போடும், காலர் மைக்ல அப்படியே ஏறும், நிறுத்தினா வெயில்ல உக்கார முடியாது, அதனால காலைல ஆறரைக்கே. எப்படி உக்காரணும், நாற்காலியா தரையான்னு சித்தி கேட்டுச்சு. உனக்கு எப்படி வசதியோ அப்படின்னேன். கால நீட்டி உக்காந்துக்கட்டுமான்னு கேட்டுச்சு. கேமராவ கொஞ்சம் தள்ளி வைக்கணும்னு தம்பிக்கு மெசேஜ் போட்டிருக்கேன்.