கோடு போட்ட கல்

"அந்தக் கோடு போட்ட கல்லெல்லாம் எங்க தாயி வச்சீக?"

ஏர்வாடிப் பக்கத்தில் ஒரு பழைய தோப்பு வீட்டை நான் பழுதுபார்த்துக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீடு நன்றாக நிற்கிறது. போன ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று உரிமையாளர் போன் செய்து சொன்னார். எனக்கு மட்டும் அந்த வீட்டை நினைத்தாலே முதலில் வந்து நிற்பது அந்த ஆத்தாவின் கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதிலும்.

"பத்திரமா இருக்கு ஆத்தா. வீட்டுச் சுவத்துக்குள்ளதான் இருக்கு."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அன்று ராத்திரியிலிருந்து சொல்லிக்கொள்கிறேன்.

பிரச்சினை தெற்குச் சுவரில் ஆரம்பித்தது. கடல்காற்று முழுக்க வாங்குகிற பக்கம் அது. பவளக்கல் சுவர்மேல் எந்தக் காலத்திலோ யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. தரையிலிருந்து ஏறின உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே காய்ந்து, உப்புப் பூத்து, கல்லை உள்ளிருந்தே பொரித்துவிட்டது. சிமெண்டைக் கொத்தி எடுக்க எடுக்கக் கல் மாவாகக் கொட்டியது. ஜன்னலுக்குக் கீழே ஆறடி நீளத்துக்குக் கையில் எடுக்கிற மாதிரி ஒரு கல் மிஞ்சவில்லை.

மாற்றுக் கல்லுக்கு எங்கே போவது? முன்பு கடலுக்குள் போய்ப் பவளப்பாறையைப் பெயர்த்து எடுத்து வந்தார்கள். வீடு கட்ட அதுதான் கல், காளவாசலில் சுட்டால் அதுதான் சுண்ணாம்பு. எடுத்து எடுத்து என்ன ஆயிற்று என்பதும் இந்தக் கரைக்குத் தெரியும். கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-இல் பவளப்பாறைகளை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். கடலில் கை வைக்கக் கூடாது. அதில் எனக்கு அன்றும் இன்றும் இரண்டு எண்ணம் கிடையாது.

அப்போதுதான் மேஸ்திரி சொன்னார். "விடிலிச் செவரு சும்மாதான கெடக்கு. அதுவும் இதே கடல்கல்லுதான். அங்க கருப்பட்டி காய்ச்சி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு."

விடிலி என்றால் பதனியைக் கருப்பட்டியாகக் காய்ச்சுகிற இடம், பெரும்பாலும் ஓலைக் குடிசைதான். இந்தத் தோப்பில் மட்டும் மூன்று பக்கமும் மார்பளவுக்குக் கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். கூரை போய்விட்டது. அடுப்புக்குழியில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. சுவரின் உள்பக்கம் கரி ஏறிக் கன்னங்கரேலென்று இருந்தது. நான் நான்கு படம் எடுத்தேன். அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்: 'தோப்பின் வடமேற்கு மூலையில் சிதைந்த கொட்டகை.' எழுதிவிட்டு, எடுக்கச் சொன்னேன்.

கோடுகளைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கரிமேல் வெள்ளைச் சுண்ணாம்பில் விரலால் இழுத்த கோடுகள், நான்கு நின்றவாக்கில், ஒன்று குறுக்கே. வரிசை வரிசையாக இருந்தன. யாரோ பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கரி படிந்த முகத்தில் பூச்சு பிடிக்காது. அதனால் கரிப்பக்கத்தை உள்ளே திருப்பி வைக்கச் சொன்னேன். அது சரியான வேலைமுறைதான், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆத்தா வந்தது கடைசிப் பூச்சு நடந்த அன்று. திண்ணையில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிக்கொண்டிருந்தன. சாந்தில் சேர்க்கச் சாயல்குடியில் வாங்கி வந்த கருப்பட்டி. சாக்கிலிருந்து ஒரு துணுக்கை உடைத்து வாயில் போட்டார். கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருந்துவிட்டு, "சீனி கலந்திருக்கான்" என்றார். பிறகுதான் விடிலி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். கேட்டார்.

நான் பதில் சொன்ன பிறகு அவரே விளக்கினார். பனை ஏறினது அவர் வீட்டுக்காரர். இறக்கி வந்த பதனியைக் காய்ச்சினது ஆத்தா. கலயத்துக்குத் தடவுகிற சுண்ணாம்பு விரலில் இருக்கும்போதே சுவரில் ஒரு கோடு. தோப்புக்காரர் வீட்டில் நோட்டுப் போட்டு எழுதுவார்கள், இவர் பக்கத்துக் கணக்கு சுவரில் இருந்தது. "எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. கோடு தெரியும்."

நோட்டுகள் இருக்கின்றன. உரிமையாளர் வீட்டில் அலமாரியில் நானே பார்த்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தேன். ஆவணம் என்று அறிக்கையில் பின்னிணைப்பாகவும் சேர்த்தேன்.

இங்கேதான் எனக்கு மூச்சு முட்டுகிறது. அந்தச் சுவரை அப்படியே விட்டிருந்தால் அடுத்த அடைமழைக்கு ஜன்னல் இறங்கியிருக்கும், மேல்தளம் சேர்ந்து வந்திருக்கும். விடிலியை வைத்து வீட்டைக் காப்பாற்றினேன். இரண்டில் ஒன்றுதான் நிற்கும் என்றால் வீடுதான் நிற்க வேண்டும். நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் இரண்டில் ஒன்று என்று யார் சொன்னது? செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியிருக்கலாம். அதுவும் ஈரத்தை விடும். பின்னால் வருகிறவர்களுக்கு எது பழசு, எது புதுசு என்றும் தெரியும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். செங்கல் வைத்தால் கன அளவு மாறும், இணைப்பு வேலை கூடும் என்றெல்லாம் அன்று மேஸ்திரியிடம் பேசினேன். உண்மையில் ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பழைய கல்லுக்குப் பழைய கல். வேலை முடிந்ததும் அந்த ஆறடியைக் கண்டுபிடிக்க முடியாமல் உரிமையாளர் தடுமாறினபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முழு விடிலியையும் காப்பாற்றியிருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. கோடு உள்ள ஒரு கல்லையாவது எடுத்து வைத்திருக்கலாம். ஒரே ஒரு கல். அதற்கு ஆத்தாவிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர் வீடு தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம்தான். நாலு மாதம் அந்த வழியாகத்தான் போய் வந்தேன். தண்ணீர்கூட வாங்கிக் குடித்திருக்கிறேன்.

சில நாள் நான்தான் இதைப் பெரிசுபடுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது. ஆத்தா கோபப்படவில்லை. "சரி, செவத்துக்குள்ள இருந்தா நனையாது" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் பிடிபடவில்லை. எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, அவருக்கு அவரே சொல்லிக்கொண்டாரா?

இனிமேல் செங்கல்தான் என்று முடிவெடுத்திருந்தேன். போன மாதம் தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டு வேலைக்குப் போனேன். சுவரைத் தட்டிப் பார்த்த கையோடு, "பக்கத்துல எங்கயாச்சும் இடிஞ்ச கட்டடம் இருக்கா?" என்றுதான் வாயில் வந்தது.

தோப்பு வீட்டு வரைபடத்தைப் போன வாரம் திறந்து 'சிதைந்த கொட்டகை' என்பதை அடித்துவிட்டு 'விடிலி' என்று எழுதினேன். மேஸ்திரிக்குப் போன் செய்து கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜன்னலுக்குக் கீழ மூணாவது வரிம்மா. எடது பக்கத்துலேர்ந்து ரெண்டாவதோ, நாலாவதோ" என்றார். தெற்குச் சுவர்ப் படத்தில் அந்த இடத்தில் பென்சிலால் நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுத்தேன். திருத்திய படத்தை உரிமையாளருக்கும் அனுப்பினேன். அது என்ன குறி, சுவரில் விரிசல் ஏதும் விட்டிருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.