17 கேசட், இரண்டு தடவை வேலை

அலமாரியின் மேல்தட்டில் இருந்து 17 விஎச்எஸ் வீடியோ கேசட்டை இறக்கியபோது, ரெண்டு சனி ஞாயிறில் எல்லாவற்றையும் டிவிடி ஆக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாலு மாதம் ஆனது. அதில் பாதி, முதல் தடவை தப்பாகச் செய்ததைத் திரும்பச் செய்ததில் போனது.

இந்த வேலையில் அவசரப்பட வழியே இல்லை. 3 மணி நேர கேசட் என்றால் 3 மணி நேரம் ஓடித்தான் தீரும். கேசட்டை ஓட்டுகிற மெஷினான விசிஆரும் இப்போது கிடைப்பதெல்லாம் பழசுதான், கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமே 2016-இல் நிறுத்திவிட்டது. நான் வாங்கிய பழைய மெஷினில் எடுத்த எடுப்பில் அக்கா கல்யாண கேசட்டைப் போட்டேன், மடத்தனம். பத்து நிமிடத்தில் படம் நெளிந்தது. எஜெக்ட்டை அழுத்தினால் கேசட் மட்டும் வெளியே வருகிறது, டேப் உள்ளே ரோலரில் சுற்றிக் கிடக்கிறது. மூடியைக் கழற்றி மெதுவாக எடுத்தும் அரை மீட்டர் கசங்கிவிட்டது. அரை மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம், விஎச்எஸ் டேப் விநாடிக்கு 2.3 செ.மீ. வேகத்தில்தான் நகர்கிறது, அப்படியென்றால் 20 விநாடிக்கு மேல் போச்சு. அதன்பிறகு, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டை முதலில் ஓடவிட்டுப் பார்க்காமல் எதையும் உள்ளே விடுவதில்லை. வருடக்கணக்கில் அசையாமல் இருந்த கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்ப ரீவைண்ட் செய்துவிட்டுத்தான் பிளே. ரெண்டு கேசட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. பூஞ்சை. அதை மெஷினில் போட்டால் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும் என்பதால் தனியாக ஒரு பையில் கட்டி வைத்துவிட்டேன்.

சரி, முதல் தடவை என்ன தப்பு செய்தேன் என்றால், விசிஆரை டிவிடி ரெக்கார்டரில் மாட்டி நேரடியாக டிஸ்க்கில் பதிந்தேன். ஒரு டிவிடியில் 4.7 ஜிபிதான் இடம், நல்ல தரத்தில் ரெண்டு மணி நேரம் பிடிக்கும். நான் கஞ்சத்தனமாக 3 மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் அடைத்தேன். யாராவது வேகமாக நடந்தால் போதும், முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. டேப்பில் இருந்ததைவிட மோசம்! 6 கேசட் முடிந்த பிறகுதான் இதைக் கவனித்தேன் என்பதை நினைத்தால் இப்பவும் எரிச்சலாக வருகிறது.

அப்புறம் விசிஆர் சிக்னலை கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருகிற யுஎஸ்பி கேப்சர் கருவி வாங்கி, தரம் குறையாத ஹஃப்யூவ் வடிவத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மணிக்குச் சுமார் 30 ஜிபி விழுங்கும், தனி ஹார்ட் டிஸ்க் வேண்டும். இதிலும் ஒரு வம்பு. பழைய டேப் சீரான வேகத்தில் சிக்னல் கொடுக்காது, கருவி தடுமாறி சில ஃப்ரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, விட்டுவிடும். விநாடிக்கு 25 ஃப்ரேம். 50 விட்டால் படம் சத்தத்தைவிட ரெண்டு விநாடி முன்னே ஓடிவிடும். கேசட்டின் முடிவில் சித்தப்பா சிரித்து முடித்து வாயை மூடிய பிறகு சிரிப்புச் சத்தம் வந்தது. ஒரு வாரம் சாஃப்ட்வேரை மாற்றி மாற்றிப் பார்த்து மண்டை காய்ந்தது. கடைசியில் ஓரமாகப் போட்டிருந்த அதே டிவிடி ரெக்கார்டர்தான் காப்பாற்றியது. அதில் பதியாமல், சிக்னல் மட்டும் அதன் வழியாகப் போய் கேப்சர் கருவிக்கு வரும்படி நடுவில் மாட்டினேன். சில மாடல்களில் இந்த நேரத் தடுமாற்றத்தைச் சரிசெய்கிற வசதி உள்ளேயே இருக்கிறது, என்னுடையதிலும் இருந்தது, அதிர்ஷ்டம்தான்.

இப்போது மூல ஃபைல்கள் ரெண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, ஒன்று வேறொரு வீட்டில். டிவிடி என்பது வீட்டில் பெரியவர்கள் போட்டுப் பார்க்க மட்டும், அதையே சேமிப்பு என்று நம்ப எனக்கு மனசில்லை. டேப்பையும் தூக்கிப் போடவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், பாதியில் நிறுத்தாதீர்கள். 11-ஆவது கேசட் முழுக்க டிவியில் வந்த ஏதோ ஒரு கிரிக்கெட் மேட்ச். நிறுத்தலாம் என்று எழுந்து, சோம்பேறித்தனத்தில் அப்படியே ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். மேட்ச் முடிந்து படம் ஒரு குலுக்கு குலுக்கியது, அடியில் முன்பு பதிந்திருந்தது மிச்சமாக நாலு நிமிடம் வந்தது. ஜன்னலோரம் பாட்டி உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறார். ரெண்டு தடவை தவறுகிறது. நிமிர்ந்து பார்த்து, "தள்ளி நில்லுடா, வெளிச்சத்தை மறைக்கிறே" என்கிறார். கேமராவைப் பிடித்திருந்தது நான்தான், எனக்கு ஞாபகமே இல்லை. அக்காவுக்கு அனுப்பினேன், இன்னும் இருக்கா என்று கேட்டாள். கேசட்டின் முதுகில் இருக்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் தாழை உடைத்திருந்தால் மேலே எதுவும் பதிந்திருக்காது. மீதி எல்லாம் மேட்ச்சுக்கு அடியில் போய்விட்டது.