புலமைச் சொத்துச் சட்டத் தாளில் பொதுநலன் கேள்விக்கு எப்படி எழுதுவது?

புலமைச் சொத்துச் சட்டம் (படைப்புகள், கண்டுபிடிப்புகள் மீதான உரிமைகள் பற்றிய சட்டம்) எடுத்தால் ஒரு கேள்வியைக் கட்டாயம் எதிர்பார்க்கலாம்: ஆக்கியவரின் உரிமையையும் பொதுமக்களின் நலனையும் சட்டம் எப்படிச் சமன் செய்கிறது? கிளிநொச்சியில் இருந்தபடி தமிழ்மொழி மூலம் இதைப் படித்து முடித்தவள் என்ற முறையில், அடுத்து எழுதப்போகிற தம்பி தங்கச்சிமாருக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

"உரிமையும் வேண்டும், பொதுநலனும் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் புள்ளி வராது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் எந்தப் பிரிவு அந்த எல்லையைப் போடுகிறது என்று காட்டுங்கள்.

பதிப்புரிமையில் 11ஆம் பிரிவுதான் உயிர். அனுமதி இல்லாமலே செய்யக்கூடிய நியாயமான பயன்பாட்டை அளக்க நான்கு விடயங்களை அது தருகிறது: பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு வரும் பாதிப்பு. வகுப்பறைக்காகப் பல பிரதி எடுப்பதையும் அதே பிரிவு கற்பித்தலுக்குள் சேர்க்கிறது. இதை மனப்பாடமாக ஒப்புவிக்காமல் எங்கள் ஊர் நிலைமையில் பொருத்திப் பாருங்கள். ஆசிரியர் ஒரு நூலில் ஓர் அத்தியாயத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வகுப்பில் கொடுக்கிறார். கடைக்காரர் முழு நூலையும் பைண்ட் பண்ணி விற்கிறார். நோக்கம், அளவு, சந்தை மூன்றிலும் இருவரும் வேறு வேறு. நல்ல நூலகத்துக்குப் போகவே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறவேண்டிய வன்னிப் பிள்ளைக்கு அந்த அத்தியாயம் எவ்வளவு பெரிய விடயம் என்று நமக்குத் தெரியும். அதை உணர்ச்சியாக எழுதாமல் முதலாவது காரணியின் கீழ் வாதமாக வையுங்கள்.

இங்கே 2016இல் தில்லியில் தீர்ப்பான பல்கலைக்கழகப் போட்டோக்கொப்பி வழக்கைப் பலர் எழுதுவார்கள். எழுதுங்கள். ஆனால் அது இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் உள்ள கல்வி விதிவிலக்கின் மேல் நிற்கிற தீர்ப்பு. எங்கள் நான்கு காரணிகள் அதற்கு அடிப்படை அல்ல. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொன்னாலே விடை தனித்துத் தெரியும்.

ஆக்கவுரிமைக்கு, அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமைக்கு (patent) வந்தால் நான் மிகவும் மதிக்கிற தீர்மானம் ஒன்று இருக்கிறது. 2003இல் சட்டமூலம் வந்தபோது அதை எதிர்த்து எங்கள் உயர் நீதிமன்றத்துக்கு (Supreme Court) போனார்கள். மருந்து போன்ற தேவைகளுக்காக டிரிப்ஸ் (TRIPS) எனும் உலக வணிக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கை வளர்முக நாடுகளுக்கு விட்டுவைத்த தளர்வுகள் அதில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. இப்படிச் சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவது, சமத்துவ உரிமை தரும் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரைக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகே ஆக்கவுரிமைக்கான வரம்புகள் இன்று 86ஆம் பிரிவில் காணும் வடிவத்துக்கு வந்தன. பொதுநலன் என்றால் அரசாங்கம் போடுகிற கருணை என்று நினைக்கிறவர்களுக்கு, அது சமத்துவ உரிமைக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டிய தீர்மானம் இது. டிரிப்ஸும் பொதுச் சுகாதாரமும் பற்றிய 2001 தோஹா பிரகடனத்தையும், மருந்துக் காப்புரிமை பற்றி 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் கொடுத்த நோவார்ட்டிஸ் தீர்ப்பையும் இதோடு சேர்த்து எழுதலாம். ஆனால் முதல் இடம் எங்கள் தீர்மானத்துக்குத்தான்.

நேரம் இருந்தால் இன்னும் இரண்டு. தாவரங்களுக்கு ஆக்கவுரிமை இல்லை என்கிறது 62ஆம் பிரிவு. காலபோகத்துக்கு விதைநெல் எடுத்து வைக்கிற வீடுகளில் பிறந்த நமக்கு இது புரியும். நாட்டார் வெளிப்பாடுகளைப் பாதுகாப்பது 24ஆம் பிரிவு. முல்லைத்தீவின் கோவலன் கூத்தை உதாரணமாக எடுங்கள்: ஊர்க்காரர் வழமைப்படி கோயிலில் ஆடுவது ஒன்று, வெளியார் ஒருவர் அதை வணிகத்துக்காக எடுத்து விற்பது வேறு.

அப்புறம் ஒன்று. கைமாறி வருகிற நோட்ஸை மட்டும் நம்பாதீர்கள். பல கொப்பிகளில் 11ஆம் பிரிவையும், தனிப்பட்ட பிரதி, நூலகப் பிரதி பற்றிப் பேசுகிற 12ஆம் பிரிவையும் ஒன்றாகக் கலந்து எழுதியிருப்பார்கள். சட்டத்தின் தமிழ்ப் பிரதியை எடுத்து, இந்த ஐந்து பிரிவுகளையாவது அதன் சொந்த வாசகத்தில் வாசித்துவிட்டு நோட்ஸுக்குப் போங்கள்.