அல்சைமர் மூளைப்பட ஆய்வில் போஸ்ட்டாக்: வேலை கிடைத்தது, கடிதம் கிடைக்கத்தான் பாடாய்ப் பட்டேன்

ஒருவழியாக வேலையில் சேர்ந்துவிட்டேன். அல்சைமர் நோயாளிகளின் எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன்களை வைத்து மூளையில் நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் குழுவில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் வேலை. விண்ணப்பமும் நேர்காணலும் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. 'இவர் முனைவர் பட்டத்துக்கான எல்லாவற்றையும் முடித்துவிட்டார்' என்று சொல்லும் ஒரே ஒரு தாளுக்காகத்தான் அப்படி அலைந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வைவா (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) நெருங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் அழைப்பு வந்தது வேறொரு குழுவிடமிருந்து. விளம்பரத்தில் 'டாவ் பெட் ஸ்கேன் ஆய்வு' என்று இருந்தது. அல்சைமரில் மூளையில் படியும் டாவ் புரதம் எங்கே, எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை உயிரோடு இருப்பவரின் மூளையிலேயே பார்க்க முடிவது எங்கள் துறையில் பெரிய விஷயம். இந்த நோயில் படியும் இன்னொரு புரதமான அமிலாய்டைவிட டாவ்தான் ஞாபகக் குறைவோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. ஆசையாகத்தான் இருந்தது. இரண்டாவது பேச்சில், "இதுவரை எத்தனை பேருக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, நெறிமுறைக் குழுவின் அனுமதியே இன்னும் வரவில்லை. ஒப்பந்தமோ ஓராண்டுக்கு.

அனுமதி வந்தாலும் மறுநாளே ஸ்கேன்கள் வந்து குவிந்துவிடாது. பெட் ஸ்கேனுக்குச் செலுத்தும் கதிரியக்க மருந்தில் ஃப்ளோரின்-18 இருந்தால் அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 110 நிமிடம். கார்பன்-11 என்றால் 20 நிமிடம்தான்; அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அதே வளாகத்தில் இல்லாவிட்டால் அதை நினைத்தே பார்க்க வேண்டாம். காலையில் தயாரித்த மருந்து தரச் சோதனையில் தேறவில்லை என்றால் அன்றைய ஸ்கேன் ரத்து. ஞாபகம் தடுமாறும் பெரியவரைக் கிளப்பிக் கூட்டிவந்த குடும்பம் அப்படியே திரும்பிப் போக வேண்டும். இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் ஓராண்டு முடியும்போது என் கையில் ஆய்வுக் கட்டுரை எழுதும் அளவுக்குத் தரவு இருக்காது. மனம் கேட்காமல்தான் மறுத்தேன்.

ஆகவே நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். தரவு கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வரவேண்டுமா? நோயாளிகள் கொடுத்த ஒப்புதல் உங்கள் ஆய்வுக்கும் பொருந்துமா? ஆய்வு நிதி எந்த மாதம்வரை? மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள். 'ஓராண்டு, நீட்டிக்கப்படலாம்' என்று விளம்பரத்தில் இருப்பதன் பொருள் அந்தப் பதிலில்தான் தெரியும்.

இப்போது சேர்ந்திருக்கும் குழுவில் நேர்காணல் நன்றாகப் போனது. ஒரு கேள்வி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கேயும் வரக்கூடியது. ஒருவருக்கு இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு எம்ஆர்ஐ, ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறது, இடையில் ஸ்கேனர் மாறிவிட்டது. சுருக்கம் நோயாலா, இயந்திரத்தாலா? அல்சைமரில் ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 சதவீதம் சுருங்குகிறது. நலமாக இருக்கும் முதியவர்களுக்கே 1 சதவீதத்துக்குச் சற்று மேல். ஸ்கேனர் மாற்றம் உண்டாக்கும் வித்தியாசம் இந்த இடைவெளியை எளிதாக மறைத்துவிடும். ஆகவே இரண்டு இயந்திரத்திலும் ஸ்கேன் எடுத்துக்கொண்ட நலமானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பேன் என்றேன். ஸ்கேனிலிருந்து மூளைப் பகுதிகளை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் பதிப்பு மாறினாலும் அளவு மாறும், எல்லா ஸ்கேனையும் ஒரே பதிப்பில், ஒரே கணினிச் சூழலில் மறுபடி ஓட்ட வேண்டும் என்றும் சொன்னேன். குழுத் தலைவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பரிந்துரைக் கடிதத்தில் ஒரு சின்னத் தடங்கல். பேராசிரியர்களுக்கு இணைப்பை விண்ணப்பத் தளமே அனுப்புகிறது. ஒருவருக்கு அது ஸ்பேமில் போய் விழுந்து, அவர் பார்ப்பதற்குள் காலாவதியாகிவிட்டது. தளத்தில் 'அனுப்பப்பட்டது' என்று பச்சையில் தெரியும். அது இணைப்பு போனதைத்தான் சொல்கிறது, கடிதம் வந்ததை அல்ல. விண்ணப்பித்த அன்றே கடிதம் தரும் பேராசிரியர்கள் எல்லோருக்கும் தனியாக ஒரு மெயில் போட்டுவிடுங்கள், ஸ்பேமையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன்.

வேலைக்கான கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: சேரும் நாளுக்கு முன் பட்டச் சான்றிதழ், அல்லது பட்டத்துக்கான எல்லாத் தேவைகளும் நிறைவேறியதாகப் பல்கலைக்கழகம் தரும் கடிதம். வைவா முடிந்திருந்தது, திருத்தங்களும் ஏற்கப்பட்டுவிட்டன. ஆனால் பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் பல மாதம் இருந்தது. தேர்வுப் பிரிவில் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கான்வகேஷன் முடியட்டும்மா, அப்புறம் வாங்க" என்றார். "சார், சான்றிதழ் வேண்டாம், முடித்துவிட்டேன் என்று ஒரு கடிதம் போதும்" என்றேன். "அப்படி ஒரு ஃபார்மட்டே எங்ககிட்ட இல்லைம்மா."

மறுமுறை துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். நூலக நிலுவை இல்லை என்ற சான்று வேண்டும் என்றார்கள். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன். அதைக் கொண்டுபோன நாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பு. இன்னொரு பக்கம் வேலை தரும் நிறுவனத்தின் எச்ஆரிலிருந்து மெயில்: குறித்த தேதிக்குள் ஆவணம் வராவிட்டால் சேரும் தேதி தள்ளிப்போகும். தேதி தள்ளிப்போனாலும் நிதி முடியும் மாதம் தள்ளிப்போகாது, அத்தனையும் என் ஆய்வுக் காலத்திலிருந்துதான் கழியும்.

கடைசியில் வழி பிறந்தது அதே அலுவலகத்தின் பின் அறையில். அங்கே இருந்த பிரிவு அலுவலர் என் மனுவை முழுதாகப் படித்தார். படித்தவர் அவர் ஒருவர்தான். "ஃபார்மட் இல்லைன்னா என்னம்மா, என்ன எழுதணுமோ நீங்களே டைப் பண்ணிக் கொண்டு வாங்க, சரிபார்த்து லெட்டர்ஹெட்டில் போட்டுத் தர்றேன்" என்றார். அன்று மாலையே முத்திரையோடு கடிதம் கையில் இருந்தது. வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்து மொபைலில் ஸ்கேன் செய்து எச்ஆருக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன்.

சேர்ந்த பிறகும் காகித வேலை ஓயவில்லை, ஆனால் இதில் நியாயம் இருக்கிறது. 2004-இல் தொடங்கிய ஏடிஎன்ஐ என்ற பெரிய அல்சைமர் மூளைப்பட ஆய்வுத் திட்டத்தின் தரவுக்கு இணையத்திலேயே விண்ணப்பித்து அனுமதி வாங்கியாயிற்று. கூட்டு மருத்துவமனையின் ஸ்கேன்களுக்குத் தரவுப் பரிமாற்ற ஒப்பந்தம் இன்னும் இரு தரப்புக் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. எம்ஆர்ஐயிலிருந்து ஒருவரின் முகத்தையே மீட்டெடுக்க முடியும். அப்படி மீட்ட முகங்களை முக அடையாள மென்பொருள் புகைப்படங்களோடு பொருத்திக் காட்டியதை 2019-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே முகப் பகுதியை நீக்கிய பிறகே படங்கள் எங்களுக்கு வரும். தன் நோயை நம்பி ஒப்படைத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும், அதற்கு எவ்வளவு நாளானாலும் காத்திருப்பேன்.

வைவா தேதி குறித்தவர்கள் இப்போதே மனுவையும் கடித வரைவையும் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வரைவில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: வைவா நடந்த தேதி, திருத்தங்கள் ஏற்கப்பட்ட தேதி, பட்டத்துக்கு இனி எந்தத் தேவையும் பாக்கி இல்லை என்ற வரி, சரிபார்க்க ஒரு அலுவலக மின்னஞ்சல். எனக்கு வந்த கடிதத்தில் கடைசியது விடுபட்டுப்போய், எச்ஆர் அதையும் கேட்டு ஒரு மெயில் அனுப்பினார்கள். நல்ல வேளை, பிரிவு அலுவலர் அன்றைக்கே பதில் போட்டுவிட்டார்.