கல்லூரியில் பேச்சுக்கலை படித்த அனுபவம்

பி.ஏ. தமிழில் எங்களுக்குப் பேச்சுக்கலை விருப்பப்பாடமாக இருந்தது. மேடை ஆசை எனக்குப் பள்ளியிலிருந்தே உண்டு, அதனால் யோசிக்காமல் எடுத்தேன். இப்போது எடுக்கலாமா வேண்டாமா என்று குழம்பும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

தொடக்கத்தில் வெறும் தியரிதான், அது தேர்வுக்கு உதவியது. அப்புறம் அம்மா (எங்கள் பேராசிரியை) எங்களை செமினார் ஹாலுக்குக் கூட்டிப்போய், மைக்கை அணைத்துவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மேடையில் பேசுவது எங்கே காதில் விழவில்லையோ அங்கே கையைத் தூக்குவார். யார் பேசினாலும் அவர் கை எழும்பியது ஒரே இடத்தில்தான், வாக்கியம் முடிகிற இடத்தில்.

பேச நான் எடுத்திருந்த தலைப்பு, 1927இல் மகாராஷ்டிராவின் மகத் ஊரில், பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்களோடு அம்பேத்கர் நடத்திய போராட்டம். "குளத்துத் தண்ணீரை எல்லோரும் எடுக்கலாம் என்று நகராட்சி தீர்மானம் போட்ட பிறகும் ஆதிக்க சாதியினர் விடவில்லை" என்று ஒரு வரி வரும். அந்த 'விடவில்லை' கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவே இல்லை. "தமிழில் வினை கடைசியில்தான் வரும், உன் மூச்சு தீர்வதும் அங்கேதான், விட்டார்களா இல்லையா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். இந்தப் பாடத்தில் நான் பெற்றதிலேயே பெரியது இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

அதற்கு அவர் கொடுத்த பயிற்சி சாதாரணமானது. நாளிதழ்த் தலையங்கத்தை எடுத்து, மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, உரக்கப் படிக்க வேண்டும். தோள் ஏறக் கூடாது, வயிறு விரிய வேண்டும். விடுதி மொட்டைமாடியில் தினமும் மாலையில் இதே வேலை. 'சென்று, கண்டு, கேட்டு' என்று நீண்டுகொண்டே போகிற வாக்கியங்களை இரண்டாக உடைக்கும் பழக்கமும் அதில்தான் வந்தது.

மனப்பாடத்துக்குத் தடை. கையில் ஒரு சின்ன அட்டை, அதில் குறிப்புச் சொற்கள் மட்டும். பள்ளியில் நிறையப் பரிசு வாங்கியவர்களுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் ஒரு வரி மறந்தால் அடுத்தது வராது. "நடுவர் பெருமக்களே, ஆன்றோர்களே" என்று நீளும் அவை வணக்கத்தையும் ஒரே வரியாக்கச் சொன்னார். நேரம் மிச்சமானது, குளத்தங்கரையிலிருந்தே பேச்சைத் தொடங்க முடிந்தது.

அந்தப் பேச்சோடுதான் தமிழ் வளர்ச்சித் துறையின் மாவட்டப் போட்டிக்குப் போனேன். அம்பேத்கர், பெரியார், அண்ணா போன்ற தலைவர்களின் பிறந்தநாளையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு நடத்துவார்கள். பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய். எனக்கு இரண்டாவது கிடைத்தது, சந்தோஷத்தில் அன்று இரவு தூக்கமே வரவில்லை. போக நினைப்பவர்கள் விண்ணப்பத்தில் கல்லூரி முதல்வரின் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள், கடைசி நாளில் அவர் ஊரில் இல்லாவிட்டால் சிக்கல்.