எட்டு நாள் தோமா

எம்.எஸ்சி. ஜுவாலஜி படிச்சப்போ எங்க பிரேயர் செல், அதாவது கிறிஸ்தவ பசங்க கூடி ஜெபிக்கிற சின்னக் குழு, ஹாஸ்டல் மொட்டை மாடில, தண்ணி டேங்க் பக்கத்துல நடக்கும். காயப்போட்ட பனியனுக்கும் கைலிக்கும் நடுவுல ஏழெட்டு பேர் உக்காந்து, கரண்ட் போனா செல்போன் டார்ச்சுல பைபிள் படிப்போம். சும்மா சொல்லக்கூடாது, அந்த பசங்க இல்லன்னா நான் ரெண்டாவது செமஸ்டரே ஊருக்கு ஓடிருப்பேன். மஞ்சக்காமாலை வந்து படுத்தப்போ ஒரு சீனியர் அண்ணன் பத்து நாள் மெஸ்ல சொல்லி உப்பில்லாத கஞ்சி வாங்கிட்டு வந்து கொடுத்தாரு, நான் வாந்தி எடுத்த பக்கெட்டையும் அவரே கழுவுனாரு.

அதே அண்ணன்கிட்ட தான் ஒருநாள் கேட்டேன். அண்ணே, காலைல கிளாஸ்ல எவல்யூஷன் படிக்கிறேன், எக்ஸாம்ல எழுதுறேன், அது சரின்னும் எனக்கு தோணுது, சாயங்காலம் இங்க வந்து கடவுள் ஆறு நாள்ல உலகத்தை படைச்சாருன்னு ஆதியாகமம் படிக்கிறேன், ரெண்டையும் எப்படி ஒண்ணா வச்சிக்கிறதுன்னு. அவரு கோவப்படல. "தம்பி, சந்தேகத் தோமா ஆகிடாத, ஜெபம் பண்ணு"ன்னாரு. உயிர்த்தெழுந்த இயேசுவை தொட்டு பாத்தாதான் நம்புவேன்னு சொன்ன சீஷர் தான் தோமா. அடுத்த வாரம், யாருக்காக எல்லாரும் ஜெபிக்கணும்னு படிக்கிற ஜெபக் குறிப்புல என் பேரு! "இவனுக்காக பாரத்தோட ஜெபிங்க, பின்வாங்கிட்டு இருக்கான்"னு. கேள்வி கேட்டது ஒரு நோய் மாதிரி ஆயிடுச்சு, மஞ்சக்காமாலைக்காவது கஞ்சி கெடச்சது.

அதுக்கப்புறம் நானும் கேக்குறத நிறுத்திட்டேன். கிளாஸ்ல ஒரு ஆள், பிரேயர் செல்லுல ஒரு ஆள். ரொம்ப பேரு அப்படித்தான் டிகிரி முடிக்கிறாங்கன்னு இப்போ வாத்தியாரா நின்னு பாக்கும்போது தெரியுது.

இதுல வேடிக்கை என்னன்னா நம்ம ஊருக்கு இது புதுசே இல்ல. நான் தினமும் ட்ரெயின்ல வந்து இறங்குற தாம்பரத்துல, 1937ல இந்த இடத்துக்கு மாறி வந்த கிறிஸ்தவ கல்லூரி வளாகத்துல, 1938 டிசம்பர்ல பெரிய சர்வதேச மிஷனரி மாநாடு நடந்துச்சு. அதுக்காகவே ஹென்ட்ரிக் கிரேமர்னு டச்சுக்காரர் ஒருத்தர் தடிமனா ஒரு புத்தகம் எழுதுனாரு, கிறிஸ்துவுல வந்த வெளிப்பாடு வேற, மத்த மதங்கள் வேறன்னு அழுத்தி சொல்ற புத்தகம். அதே வருஷம் சென்னைல செஞ்சையா, சக்கரை, இன்னும் சிலர் சேர்ந்து, இந்தியாவுல கிறிஸ்தவத்தை நாம மறுபடி யோசிக்கணும்னு ஒரு தொகுப்பே போட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் பாஸ்டர் இல்லங்க. சட்டம் படிச்சவங்க, சக்கரை தொழிற்சங்கத்துல வேலை பாத்தவர், பின்னாடி சென்னை மேயராவே இருந்தாரு. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துல மிஷனரிங்க முகத்துக்கு நேராவே, நீங்க கொண்டுவந்த சபை அமைப்பு வேற, கிறிஸ்து வேறன்னு வாதாடுனாங்க. அவங்க சொன்னது எல்லாத்தையும் நான் ஒத்துக்கல, ஆனா அந்த தெம்பு இப்போ எங்க போச்சு?

கிறிஸ்தவ மாணவர் இயக்கம்னு பாத்தா எஸ்.சி.எம். (ஸ்டூடண்ட் கிறிஸ்டியன் மூவ்மெண்ட்) 1912லயே வந்துடுச்சு, காலேஜ்ல இ.யு.ன்னு (இவாஞ்சலிக்கல் யூனியன்) நாம சொல்ற குழுவுக்கு பின்னாடி இருக்குற யு.இ.எஸ்.ஐ. அமைப்பு 1954. நான் பாத்தவரைக்கும் எஸ்.சி.எம். ஆளுங்க வறுமை, சாதின்னு பேசுவாங்க, இ.யு. பசங்க அவங்களுக்கு ஜெபமே கிடையாதும்பாங்க. இ.யு.ல வசனத்தை வரி வரியா பிரிச்சு படிப்பாங்க, எஸ்.சி.எம். ஆளுங்க இவங்களை வெளி உலகமே தெரியாதவங்கன்னுவாங்க. ரெண்டு பக்கமும் பாதி உண்மை, எனக்கு ரெண்டு பாதியும் வேணும்னு தான் ஆசை.

வாத்தியாருங்க கதை இன்னும் மோசம். பகல் முழுக்க காலேஜ் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைல், அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க். சபைல புரொபசர்னா வேதபாடம் வாசிக்க கூப்பிடுவாங்க, கணக்கு ஆடிட் பண்ண கூப்பிடுவாங்க, ஓய்வுநாள் பள்ளி பேப்பர் திருத்த கூப்பிடுவாங்க. நீ என்ன ஆராய்ச்சி பண்றன்னு இத்தனை வருஷத்துல ஒரு ஆள் கேட்டதில்ல. இத்தனைக்கும் நான் நடத்துற ஜெனிடிக்ஸோட முதல் பாடமே ஒரு துறவி மடத்து தோட்டத்துல பட்டாணி எண்ணுன கதை தான், மெண்டல் அகஸ்டினியன் துறவி. பிக் பேங்குக்கு 1927லயே வழி போட்ட லெமேத்ர் கத்தோலிக்க பாதிரியார். பழைய சபைத் தந்தை ஆகஸ்தினாரே சுமார் 1600 வருஷம் முன்னாடி ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதும்போது, வானத்தையும் நட்சத்திரத்தையும் பத்தி வேதத்தை காட்டி உளறாதீங்கப்பா, விஷயம் தெரிஞ்சவன் கேட்டா சிரிப்பான்னு தலைல அடிச்சிக்கிறாரு.

போன வருஷம் ட்ரெயின்ல, தோமா செத்த இடம்னு சொல்ற பரங்கிமலை தாண்டும்போது தான் தோமா மறுபடி ஞாபகம் வந்தாரு. நம்ம ஊருக்கு வந்தவர்னு பெருமையா சொல்லிக்கிற அதே ஆளோட பேரை தான் கேள்வி கேக்குறவனை திட்ட வச்சிருக்கோம். வீட்டுக்கு போய் யோவான் 20 எடுத்து படிச்சேன். தொட்டு பாத்தாதான் நம்புவேன்னு அவர் சொல்றாரு, அடுத்த வசனமே "எட்டுநாளைக்குப் பின்பு". மறுபடியும் சீஷருங்க உள்ளே இருக்காங்க, தோமாவும் அவங்களோட இருக்காரு. அந்த எட்டு நாள் யாரும் அவரை வெளிய அனுப்பல, அவரும் கெளம்பி போகல! நம்பாமலே அந்த ரூம்ல சாப்பிட்டு தூங்கி எழுந்திருக்காரு. இதுல யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்ல.

சரி நாமளே ஆரம்பிப்போம்னு கெமிஸ்ட்ரி மேடம் வீட்ல, சேலையூர்ல, மாசம் ஒரு சனிக்கிழமை உக்கார ஆரம்பிச்சோம். மூணு வாத்தியாரு, ஒரு பி.எச்டி. அக்கா, அஞ்சாறு ஸ்டூடண்ட்ஸ். பிளாஸ்டிக் சேர், ஃபிளாஸ்க்ல டீ, மிக்சர். ஒரே ஒரு ரூல் தான், யார் கேள்வியையும் ஜெபக் குறிப்பா மாத்தக்கூடாது. மேடம் மாற்கு 12:30 எடுத்தாங்க, கடவுளை எதோடெல்லாம் நேசிக்கணும்னு சொல்ற வசனம். அது வர்ற பழைய ஏற்பாட்டு உபாகமத்துல இருதயம், ஆத்துமா, பலம்னு மூணு தான் இருக்கு, மாற்குல இயேசு சொல்லும்போது "உன் முழு மனதோடும்"னு ஒண்ணு கூட வருது, அது ஏன்னு ஒரு மணி நேரம் ஓடுச்சு, முடிவுக்கு வரல, அடுத்த தடவை கிரேக்கம் தெரிஞ்ச ஒருத்தரை கூட்டிட்டு வரலாம்னு விட்டுட்டோம்.

மூணாவது கூட்டத்துல என் முறை. ஆதியாகமமும் பரிணாமமும். ரெண்டு வாரம் ராத்திரி உக்காந்து ஸ்லைடெல்லாம் போட்டு, பதினஞ்சு வருஷமா உள்ளயே வச்சிருந்தத எல்லாம் கொட்டிட்டேன். முடிச்சிட்டு கேள்வி இருந்தா கேளுங்கப்பான்னு பெருமையா உக்காந்தேன். பி.ஏ. ஹிஸ்டரி பையன் ஒருத்தன், அதுவரைக்கும் வாயே திறக்காதவன், மிக்சர் தட்டை கீழ வச்சிட்டு கேட்டான்.

"சார், நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு. ஆனா எங்க ஊரு கல்லறைத் தோட்டத்துல நடுவுல சுவர் இருக்கு சார். அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. எங்க தாத்தாவ போன மாசம் தான் புதைச்சோம். உயிர்த்தெழும்போது அந்த சுவர் இருக்குமா சார்?"

என்கிட்ட அதுக்கு ஸ்லைடு இல்ல. ரூம்ல ஃபேன் சத்தம் மட்டும் தான். "ஜெபம் பண்ணுவோம்பா"ன்னு என் வாய் வரைக்கும் வந்துடுச்சு, சத்தியமா, அந்த அண்ணனை அன்னைக்கு தான் எனக்கு புரிஞ்சுது. நல்லவேளை மேடம் முந்திக்கிட்டாங்க. "எனக்கு தெரியலப்பா. எந்த வருஷம் கட்டுன சுவர்னு உனக்கு தெரியுமா?"ன்னு கேட்டாங்க. அவனுக்கும் தெரியல. ஹிஸ்டரி தானே படிக்கிற, சபைல பழைய அடக்க ரெஜிஸ்டர் இருக்கும், கமிட்டி மினிட்ஸ் இருக்கும், கேட்டு பாருன்னாங்க. தனியா கேட்டா தர மாட்டாங்க மேடம்னான். பி.எச்டி. அக்கா, "நாங்களும் வர்றோம்டா, எத்தன மணிக்கு பஸ்ஸு?"ன்னாங்க.

ரெண்டாவது சனிக்கிழமை லீவு. காலைல அஞ்சரை மணி பஸ்ஸுக்கு கெளம்புறோம், நாலு பேரு. ஸ்லைடை நான் இன்னும் அழிக்கல, ஆனா அதுக்கு இப்போதைக்கு அவசரம் இல்ல.